கன்னத்தில் ஐந்து விரல்

திண்டுக்கல் பழனி ரோட்டில் ஒரு தடவையாவது தொண்டை வறண்டு நின்றவர்களுக்குக் காளியம்மாளைத் தெரியும். பச்சைப் பெயிண்ட் அடித்த தள்ளுவண்டி, நன்னாரிப் பாகு நிரம்பிய நாலு பாட்டில், ஈரச் சாக்கு மூடிய ஐஸ் பெட்டி, கூடை நிறைய எலுமிச்சம்பழம். பெயர் தெரியாதவர்கள் சர்பத்தக்கா என்பார்கள். இருபத்திரண்டு வருஷமாக அதே இடம், அதே வண்டி. கட்டையில் வைத்துப் பிழிந்தால் சர்பத்தில் கசப்பு இறங்கிவிடும் என்பது அவள் கட்சி. அதனால் எல்லாப் பழத்தையும் வலது கையாலேயே பிழிவாள். பழத்தை இரண்டாக அரிந்து, உள்ளங்கையில் வைத்து ஒரே அமுக்கு. விதை மட்டும் விரலிடுக்கில் நிற்கும். வெயில் காலத்தில் நாளைக்கு இருநூறு பழம் என்றால் அந்தக் கைக்கு என்ன பலம் இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அந்தக் கையை அவள் யார் மேலும் ஓங்கியதில்லை. வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் அதிகம். புருஷன் நாச்சிமுத்து லாரி செட்டில் சுமை ஏற்றுகிறவன். குடித்தால் அடிப்பான். குடிக்காத நாளில், குடிக்க விடவில்லை என்று அடிப்பான். பதினெட்டு வருஷம் அப்படியே ஓடியது, பிறகு ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தான். கன்னம் வீங்கி வண்டிக்கு வரும்போது யாராவது என்னக்கா என்று கேட்டால், "தெரியலப்பா, எங்கயோ இடிச்சுக்கிட்டேன் போல" என்பாள். படியில் விழுந்தேன் என்பாள். ஒரு முறை மாடு முட்டிவிட்டது என்றுகூடச் சொன்னாள். அவர்கள் காம்பவுண்டில் ஒரு கன்றுக்குட்டிகூடக் கிடையாது.

அடிபட்ட தடத்தைப் பற்றி அவளுக்குத் தெரியாதது எதுவுமில்லை. அன்றைக்குச் சிவப்பு. மறுநாள் நீலம். நாலாம் நாள் பச்சை பாரிக்கும். ஏழாம் நாள் மஞ்சள். பத்தாம் நாள் ஒன்றுமே நடக்காதது போல் ஆகிவிடும். அந்தக் காலத்தில் அவளுக்கு வேறு காலண்டரே வேண்டியிருக்கவில்லை.

ஒரே மகன் பழனிக்குமார். அவனுக்குப் பத்து வயதாக இருக்கும்போதே உட்கார வைத்துச் சொன்னாள்: "ஏலே, நாளைக்கு ஒருத்தி மேல கை வச்சேன்னு வையி, அன்னையோட நீ எனக்குப் பிள்ளையும் இல்ல, நான் உனக்குத் தாயும் இல்ல." பையன் தலையாட்டினான். வளர்ந்து வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் ஷிப்டு வேலைக்குப் போனான். குடி கிடையாது. சத்தம் போட்டுப் பேசக்கூடத் தெரியாது. வாழ்க்கையில் தான் ஜெயித்தது இந்த ஒரு காரியத்தில்தான் என்று காளியம்மாள் நினைத்திருந்தாள். அதை யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை, கண்பட்டுவிடும் என்ற பயம்தான்.

போன தை மாதம் அவனுக்குக் கல்யாணம். பெண் ஜீவிதா, நிலக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமம். வீட்டில் மல்லிகைத் தோட்டம். பூப்பறிப்பு வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடுகிற வேலை, பிறகு அவள் பி.காம். படிக்கக் கல்லூரிக்குப் போய்விடுவாள். உச்சி வெயில் அவள் முகத்தில் அதிகம் பட்டதில்லை.

மாசியில் ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று வண்டிக்கு மேலே நிழல் தந்துகொண்டிருந்த வாகை மரத்தை வெட்டிவிட்டார்கள். இருபத்திரண்டு வருஷ நிழல் ஒரே காலையில் போனது. காளியம்மாள் பெரிய குடை ஒன்று வாங்கிக் கட்டினாள். அதையும் எங்கே கட்டினாள்? ஐஸ் பெட்டிக்கும் பழக்கூடைக்கும் மேலே. ஐஸ் உருகக் கூடாது, பழம் வாடக் கூடாது. மனுசர்கள் உருகினால் பரவாயில்லை.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜீவிதா மாமியாருக்குச் சோறு கொண்டுவந்தாள். நீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட சின்னாளப்பட்டிச் சுங்குடி, தலை நிறையப் பிறந்த வீட்டு மல்லிகை, கையில் தூக்குவாளி. வண்டியைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

"யாருக்கா இது, மகளா?" என்றார் ஒரு ஆட்டோக்காரர்.

"மருமகப்பா. எல்லாரும் கண்ணு வச்சிராதீங்க." காளியம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. பிழிந்துகொண்டிருந்த பழத்தைப் போட்டுவிட்டு வந்தாள். மருமகளின் இரண்டு கன்னத்தையும் மேலிருந்து கீழாக விரலால் வழித்து, தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறித்தாள். பத்து விரலும் சடசடவென்று சொடுக்கு விட்டன. "அம்புட்டுக் கண்ணும் எம்மேல போகட்டும்" என்றாள். ஜீவிதா வெட்கப்பட்டுச் சிரித்தாள். அரை மணி நேரம் வெயிலில் நின்று கிளாஸ்களைக் கழுவிக் கொடுத்துவிட்டு, நடந்தே வீடு போய்ச் சேர்ந்தாள்.

மூன்றாம் நாள் காலை காபி கொடுக்க வந்தவளின் முகத்தைப் பார்த்ததும் காளியம்மாள் டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டாள். இடது கன்னத்தில் நாலு விரல் பதிந்த மாதிரி நாலு கோடு. தாடைப் பக்கம் கட்டைவிரல் மாதிரி ஒரு தீற்றல். எல்லாம் கன்றிச் சிவந்திருந்தன. வலது கன்னத்தில் மங்கலாக இரண்டு கோடு.

"என்ன தாயி இது கன்னத்துல?"

"தெரியல அத்தை. நேத்து சாயந்தரம் எரிஞ்சுச்சு. காலைல கண்ணாடியப் பாத்தா இப்பிடி இருக்கு."

"தெரியலயா?"

"சத்தியமா தெரியல அத்தை."

அந்தத் தெரியல என்ற சொல் காளியம்மாளை ஒரு உலுக்கு உலுக்கியது. பதினெட்டு வருஷம் அவள் வாயிலிருந்த சொல் அது. அதைச் சொல்கிறவளுக்கு எல்லாம் தெரியும் என்பது அவளைவிட வேறு யாருக்குத் தெரியும்?

இரவு ஷிப்டு முடிந்து பழனிக்குமார் வந்து செருப்பைக் கழற்றப் போனான். கழற்ற விடவில்லை.

"டேய், அவ கன்னத்துல என்னடா?"

"நானும் போன்ல அதத்தாம்மா கேட்டுக்கிட்டு இருந்தேன். எதும் பூச்சி கடிச்சிருக்குமா?"

"நீ கை வச்சியா?"

"யாரு, நானா? உனக்கென்ன லூசாம்மா?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. அவன் அப்பனும் கேட்டால் இப்படித்தான் சிரிப்பான்.

அதன் பிறகு காளியம்மாள் கணக்காகப் பார்க்க ஆரம்பித்தாள். காலையில் ஜீவிதா கோலம் போடக் குனியும்போது பார்ப்பாள், சாப்பாடு பரிமாறும்போது பார்ப்பாள். சிவப்பு போய் நீலம் வரவேண்டும் அல்லவா? வரவில்லை. பச்சை பாரிக்கவில்லை. மஞ்சளும் ஆகவில்லை. சிவப்பு நேராகக் கறுப்பாக மாறியது. கருப்பட்டிப் பாகு தடவினாற்போல் பழுப்புக் கறுப்பு. பத்தாம் நாளும் அப்படியே இருந்தது. இது எந்த ஊர் அடி? அடி என்றால் ஏன் அடி மாதிரி ஆறவில்லை? அடி இல்லை என்றால் ஏன் விரல் மாதிரி இருக்கிறது? ஒரு கன்னத்தில் அறைந்தவன் மறு கன்னத்தில் ஏன் இரண்டு கோட்டோடு நிறுத்தினான்? மகனும் மருமகளும் பின்கட்டில் சிரித்துப் பேசுகிற சத்தம் கேட்டால் அப்பாடா என்றிருக்கும். அடுத்த நிமிஷமே, தானும் அடிவாங்கிய மறுநாள் புருஷனோடு சினிமாவுக்குப் போனது ஞாபகம் வரும்.

காம்பவுண்டில் அடுத்த வீடு நாகஜோதி. தையல் மிஷின் ஓட்டுகிறவள், வாயையும் நிறுத்தாமல் ஓட்டுகிறவள். "இது அக்கி மதினி. பானை செய்யிறவுகட்ட போயி காவி எழுதிட்டு வாங்க, மூணே நாள்ல எறங்கிரும்" என்றாள். போய்க் காவி எழுதிக்கொண்டு வந்தார்கள். காவிக்குக் கீழே கறுப்பு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. "அப்பக் கண்ணேறுதான். அன்னைக்கு அம்புட்டுப் பேரு பாத்தாங்கன்னு நீங்கதான சொன்னீங்க?"

இது காளியம்மாளுக்குச் சரியாகப் பட்டது. கண்ணேறு என்றால் மகன் தப்பித்தான். மறுநாள் காலை ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து மருமகளின் தலையைச் சுற்றினாள். வெட்டிக் குங்குமம் தடவி முச்சந்தியில் போட்டாள். அத்தோடு விட்டிருக்கலாம். கறுப்பை எடுக்க எலுமிச்சைக்கு மேல் மருந்து உண்டா என்று இன்னொரு பழத்தை அரிந்து, இரண்டு கன்னத்திலும் அழுத்தித் தேய்த்தும் விட்டாள்.

"எரியுது அத்தை."

"எலுமிச்ச குளிர்ச்சி தாயி. செத்த நேரத்துல அடங்கிரும். கழுவிறாத, நல்லா உள்ள எறங்கட்டும்."

ஜீவிதா சொன்ன பேச்சு கேட்கிற பெண். கழுவவில்லை. அப்படியே மாடிக்குப் போய் வெயிலில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் கூழ்வத்தல் ஊற்றினாள்.

மூன்றாம் நாள் முகம் வெந்து போயிருந்தது. இடது கன்னத்தில் சிறுசிறு கொப்புளம். கோடுகள் கலந்து பரவி, விரலா தீயா என்று சொல்ல முடியாதபடி ஆகிவிட்டது. குளிர்ச்சியான பழம் எப்படிச் சுடும்? காளியம்மாள் வாசல்படியில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். ராத்திரி அவன் மறுபடியும் ஏதாவது செய்தானா? ராத்திரிதான் அவன் மில்லில் இருந்தானே? இருந்தானா?

அன்றைக்கென்று பார்த்துச் சம்பந்தி அம்பிகா பையில் மல்லிகையோடு வந்து இறங்கினாள். சித்திரைக்கு மகளைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவள். மகள் முகத்தைப் பார்த்தாள். காளியம்மாளைப் பார்த்தாள். வாசலில் கிடந்த பழனிக்குமாரின் செருப்பைப் பார்த்தாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

"மதினி, பிள்ளைய ரெண்டு நாள் வச்சிருந்து அனுப்புறேன்."

"மதினி, எனக்கே ஒண்ணும் புரியல..."

"ரெண்டு நாள்தான் மதினி." ஜீவிதா, "அம்மா, நெசமாவே ஒண்ணுமில்லம்மா" என்றாள். "நீ சும்மா இரு" என்றாள் அம்பிகா. துணிப் பையைப் பார்த்தால் இரண்டு நாளுக்கான துணி இல்லை, எல்லாத் துணியும் இருந்தது. காளியம்மாள் தடுக்கவில்லை. தன் தாய் ஒரு நாளாவது இப்படி வந்து தன்னைக் கூட்டிப் போயிருந்தால் என்று நினைத்தவள் அவள். எந்த வாயால் தடுப்பாள்?

மறுநாள் உச்சி வெயிலில் பழனிக்குமார் பைக்கில் வண்டிக்கு வந்தான். மத்தியான ஷிப்டு. முகம் வாடியிருந்தது.

"ஏம்மா, நீயாச்சும் ஒரு போன் போட்டு அவள அனுப்பச் சொல்லலாம்ல? நான் போன் அடிச்சா அவங்கம்மா எடுத்துட்டு எடுத்துட்டு வைக்கிறாங்க."

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேசச் சொல்ற? மொதல்ல உண்மையச் சொல்லு."

"எத்தன தடவம்மா சொல்றது? நான் தொடக்கூட இல்ல."

"உங்கப்பனும் இதையேதான்டா சொன்னான்!"

கையில் பிழிந்துகொண்டிருந்த பழம் எங்கே போய் விழுந்ததோ தெரியவில்லை. விட்டாள் ஒரு அறை. இருநூறு பழம் பிழிகிற கை. வண்டியைச் சுற்றி நின்றவர்கள் குடித்துக்கொண்டிருந்த கிளாஸோடு அப்படியே நின்றார்கள். பழனிக்குமார் கன்னத்தைத் தொடக்கூட இல்லை. கண் மட்டும் நிறைந்தது. "என்னய அப்பன் மாதிரியே நெனச்சிட்டேல்லம்மா" என்றான். ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்கின் மேல் மாட்டிக்கொண்டு, கொளுத்துகிற வெயிலில் வேடசந்தூர் ரோட்டைப் பார்த்துப் போய்விட்டான்.

அன்றைக்கு அதற்கு மேல் அவளால் ஒரு பழம் பிழிய முடியவில்லை. வாழ்க்கையில் முதல் அடி, அதுவும் பெற்ற பிள்ளையை.

மூன்றாம் நாள் பழனிக்குமாரின் கன்னத்தில் ஐந்து விரலும் எழுந்து நின்றன.

அன்றைக்கும் மறுநாளும் ஒன்றுமே தெரியவில்லை. மூன்றாம் நாள் சிவப்பு, ஐந்தாம் நாள் அதே கருப்பட்டிக் கறுப்பு. நீலமும் இல்லை, பச்சையும் இல்லை. ஜீவிதா கன்னத்தில் பார்த்த அதே கோடு, அதே நிறம். காளியம்மாள் சமையல் கட்டில் நின்று கதவிடுக்கு வழியாக அவன் முகத்தைப் பார்த்துப் பார்த்து மறுகினாள். நான் அறைந்தது இப்படி ஆகியிருக்கிறது. அவள் கன்னத்திலும் இதேதான். அப்படியென்றால் அதுவும் அறைதான். என் கை விழுந்தால் தடம் இப்படி ஆகும் என்றால், என் வயிற்றில் பிறந்தவன் கைக்கும் அதே வாகு இருக்காதா? ஆகப் பொய் சொல்வது அவன்தான். இப்படி ஒரு முடிவுக்கு வந்து, வந்த முடிவைத் தாங்க முடியாமல், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். இம்மாதிரி யோசிப்பதற்கும் ஒரு திறமை வேண்டும். தாயும் மகனும் அந்த வாரம் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

அறைந்த ஒன்பதாம் நாள் ஜீவிதாவிடமிருந்து போன் வந்தது. "அத்தை, அம்மா என்னய பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்திருக்காங்க. தோல் டாக்டரப் பாக்க. நீங்க வாங்க அத்தை. அவுகளையும் கூட்டிட்டு வாங்க."

தோல் பிரிவில் இருந்தது ஹுஸ்னா என்ற டாக்டரம்மா. சின்ன வயசு, ஆனால் கூர்மையான பார்வை. ஜீவிதாவை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டு மற்றவர்களை வெளியே அனுப்பினார். கால் மணி நேரம். வெளியே பெஞ்சின் ஒரு முனையில் அம்பிகா, மறுமுனையில் காளியம்மாள். பழனிக்குமார் தூணுக்கு அந்தப் பக்கம் கன்னத்தைக் கர்ச்சீப்பால் மூடிக்கொண்டு நின்றான். உள்ளே என்ன கேட்கிறார்கள் என்று காளியம்மாளுக்குத் தெரியும். யார் அடித்தது, பயப்படாமல் சொல்லு என்று கேட்பார்கள். சொல்லிவிட்டால் மகன் போனான், சொல்லாவிட்டால் மருமகள் போனாள். சொல்லிடு தாயி என்று வேண்டினாள். சொல்லிராத தாயி என்றும் வேண்டினாள். எது தன் வேண்டுதல் என்று அவளுக்கே தெரியவில்லை.

கதவு திறந்தது. எல்லாரையும் உள்ளே கூப்பிட்டார் டாக்டர். பழனிக்குமாரைப் பார்த்ததும், "அந்தக் கர்ச்சீப்ப எடுங்க" என்றார். எடுத்தான். டாக்டரின் புருவம் நெற்றிக்கு ஏறியது. அம்பிகாவின் வாயும் திறந்துகொண்டது.

"இது யாரு அடிச்சது?"

அவன் தரையைப் பார்த்தான். "நான்தான் டாக்டரம்மா" என்றாள் காளியம்மாள். "மருமகள அடிச்சிட்டான்னு நான்தான் அறைஞ்சேன்."

"என்னைக்கு?"

"இன்னையோட ஒம்பது நாளு."

"ஒம்பது நாளா ஒரு அடி இப்பிடிக் கறுத்துப் போயி இருக்குமாம்மா?"

"இருக்காதுதான். ஏழாம் நாளே மஞ்சளாகிரணும்" என்றாள் அவள். டாக்டர் அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். மஞ்சளாகும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. அதைக் கேட்காமல் விட்டதற்காகக் காளியம்மாள் இன்றைக்கும் அந்த டாக்டரைக் கும்பிடுகிறாள்.

"நீங்க என்ன வேலைம்மா செய்றீங்க?"

"சர்பத் வண்டி."

"எலுமிச்சம்பழம்?"

"கையாலதான் பிழியிறது."

"வண்டி நிழல்லயா நிக்குது?"

"நின்னுச்சு. மரத்த வெட்டிட்டாங்க."

டாக்டர் எழுந்து வந்து காளியம்மாளின் வலது கையைப் பிடித்தார். பழனிக்குமாரின் கன்னத்தருகே கொண்டுபோய் விரித்துக் காட்டினார். விரலுக்கு விரல் பொருந்தியது. அது பொருந்தாமல் என்ன செய்யும்? பிறகு அதே கையை ஜீவிதாவின் இடது கன்னத்துக்குக் கொண்டுபோனார். கொப்புளம் காய்ந்து கறுத்த இடத்தின் ஓரத்தில் பழைய கோடுகளின் நுனி இன்னும் தெரிந்தது. அங்கேயும் விரலுக்கு விரல் பொருந்தியது. சுண்டுவிரல் கொஞ்சம் வளைந்திருப்பதுகூட அப்படியே இருந்தது. அந்தச் சுண்டுவிரலை வளைத்தவன் நாச்சிமுத்து.

"தடம் வர்றதுக்கு முன்னாடி நான் அவளத் தொட்டதே இல்லியே..." என்றாள் காளியம்மாள்.

"தொட்டீங்க அத்தை" என்றாள் ஜீவிதா மெதுவாக. "அன்னைக்கு வண்டிகிட்ட நெட்டி முறிச்சீங்கள்ல."

காளியம்மாள் தன் பத்து விரலையும் விரித்துப் பார்த்தாள்.

டாக்டர் சொன்னார்: "எலுமிச்சைச் சாறு தோல்ல பட்டு, அது மேல வெயிலும் பட்டா, பட்ட எடம் மட்டும் வெந்துரும். அன்னைக்கே தெரியாது. ரெண்டு மூணு நாள் கழிச்சுத்தான் எந்திரிக்கும். எப்பிடிப் பட்டுச்சோ அதே வடிவத்துல கறுக்கும். இந்தப் பொண்ண யாரும் அடிக்கல. உங்க பையன் கன்னத்துல இருக்கிறதும் அடியால வந்த தடம் இல்ல. சாறும் வெயிலும்தான்."

"அப்ப நான் கண்ணேறுன்னு தேச்சு விட்டது?"

"அதுதான் கொப்புளம்."

"எலுமிச்ச குளிர்ச்சிதான டாக்டரம்மா?" என்றாள். அவளுக்கு இன்னும் அது பிடிபடவில்லை. உள்ளே போனால் குளிர்ச்சி, மேலே பட்டால் நெருப்பா? இருபத்திரண்டு வருஷம் தன் கைக்கு ஒன்றும் ஆகவில்லையே? டாக்டர் அவள் புறங்கையைத் திருப்பிக் காட்டினார். மணிக்கட்டு வரை திட்டுத் திட்டாகக் கறுப்பு. அதை வயசுக் கறுப்பு என்றல்லவா நினைத்திருந்தாள்! உள்ளங்கை காய்த்துப்போய் மரக்கட்டையாகிவிட்டது, அதனால் அங்கே தெரியவில்லை என்றார்.

பிறகு டாக்டர் எழுதிக் கொடுத்ததுதான் அவளை இன்னும் குழப்பியது. காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை முகத்துக்குக் களிம்பு பூச வேண்டும். பத்து மணியிலிருந்து நாலு மணிவரை வெளியே போனால் குடை, முழுக்கைச் சட்டை, முக்காடு. கறுப்பு மறைய மாசக்கணக்கில் ஆகும். அதற்குள் வெயில் பட்டால் திரும்பக் கறுக்கும்.

"அக்னி நட்சத்திரம் முடியிற வரைக்கும்தான?"

"வருசம் முழுக்கம்மா."

"ஐப்பசி அடைமழையிலயுமா?"

"மேகம் இருந்தாலும் வெயில் அதுக்குள்ளாற வந்து சேரும். கார்த்திகை, மார்கழி எல்லாந்தான். நீங்களும் பூசணும்."

கண்ணுக்குத் தெரியாத வெயிலுக்குக் குடை பிடிக்கச் சொல்கிறார்களே என்று காளியம்மாள் மருந்துச் சீட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வெளியே வந்ததும் அம்பிகா அவள் கையைப் பிடித்தாள். "மதினி, நான் கேட்டிருக்கணும். கேக்காமலே கூட்டிட்டுப் போயிட்டேன்." "நீங்க கூட்டிட்டுப் போனதுதான் சரி மதினி" என்றாள் காளியம்மாள். அதை அவள் ஒப்புக்குச் சொல்லவில்லை. ஜீவிதா துணிப் பையோடு வந்து பைக்கில் ஏறிக்கொண்டாள். பழனிக்குமார் தாயைத் திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்தான்.

காளியம்மாள் ஆஸ்பத்திரி வாசலில் நெடுநேரம் நின்றாள். பிள்ளை அடிக்கவில்லை. நினைத்தபடியே வளர்ந்திருக்கிறான். இந்த ஒரு செய்திக்காகத்தானே இருபத்தைந்து நாளாகச் செத்துச் செத்துப் பிழைத்தாள்? சந்தோஷத்தில் குதிக்க வேண்டாமா? குதிக்க முடியவில்லை. நாற்பது தடவை இல்லை என்றான். ஒரு தடவை நம்பியிருக்கலாமே.

மறுநாள் காலை களிம்பு டப்பாவை எடுத்துக்கொண்டு மகன் முன்னால் போய் நின்றாள். நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"நான் பூச மாட்டேன்."

"பூசலேன்னா போகாதாம்டா."

"இருக்கட்டும்."

"பழனி..." மன்னிச்சிரு என்று சொல்லத்தான் வந்தாள். தாய் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் டப்பா மூடியைத் திருகித் திருகித் திறந்தாள். அவன் அந்த மூடியைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். முகத்தை நிமிர்த்தி, கண்ணை மூடிக்கொண்டான்.

"அடிச்ச கைதான பூசணும்" என்றான்.

காளியம்மாள் கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவிக்கொண்டு வந்து பூசினாள்.

அன்றிலிருந்து வண்டியில் எல்லாம் மாறியது. பெரிய தார்ப்பாய் வந்தது, இந்தத் தடவை மனுசர்களுக்கும் சேர்த்து. பிழிகிற கட்டை வந்தது. கசக்கிறதே அக்கா என்று இரண்டு பேர் சொன்னார்கள், குடிச்சா குடி குடிக்காட்டி போ என்றாள். சோப்புத் தண்ணீர் வாளி ஒன்று வந்தது. குடித்தவர்கள் சாறு பட்ட கையோடு வெயிலில் இறங்கினால், "ஏலே அப்பு, கையக் கழுவிட்டுப் போ" என்று ரோடு முழுக்கக் கேட்கக் கத்துவாள். காலையில் அவளும் முகத்தில் களிம்பு பூசிக்கொண்டு வருவாள். சரியாகத் தேய்க்கத் தெரியாமல் காதோரம் வெள்ளையாக நிற்கும், ஆட்டோக்காரர்கள் கேலி செய்வார்கள். ஏன் சுடுகிறது, எப்படிச் சுடுகிறது என்று கேட்டால் இன்றைக்கும் அவளுக்குச் சொல்லத் தெரியாது. குளிர்ச்சிதான், ஆனா சுடும் என்பாள்.

ஆவணியில் ஜீவிதாவின் வலது கன்னம் தெளிந்தது. ஐப்பசியில் இடது கன்னமும் ஏறக்குறைய தெளிந்துவிட்டது. பழனிக்குமாரின் கன்னத்தில் ஐந்து விரலும் ஒவ்வொன்றாக மங்கி, கடைசியில் அந்த வளைந்த சுண்டுவிரல் மட்டும் தாடையோரம் கொஞ்ச நாள் நின்றது. கார்த்திகை பிறப்பதற்குள் அதுவும் போய்விட்டது.

ஆனாலும் தினமும் காலையில் அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு, முகத்தை நிமிர்த்திக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். அவளும் கையைக் கழுவிக்கொண்டு வந்துவிடுவாள்.

ஒரு நாள் வெளியே சிணுசிணுவென்று தூறிக்கொண்டிருந்தது. திண்டுக்கல் மலைக்கோட்டையே தெரியாத அளவுக்கு மப்பு. கண்ணைத் திறக்காமலே கேட்டான்.

"இன்னும் இருக்காம்மா?"

காளியம்மாள் அவன் கன்னத்தைப் பார்த்தாள். குழந்தையில் இருந்த மாதிரி சுத்தமாக இருந்தது. கன்னத்தைப் பற்றிப் பொய் சொல்வதில் அவளுக்குப் பதினெட்டு வருஷப் பழக்கம்.

"இருக்குடா. லேசா இன்னும் இருக்கு" என்றாள், விரலில் களிம்பை எடுத்துக்கொண்டே.

பைக்கில் கண்ணாடி வைத்திருக்கிறவன்தான் அவன். "சரி, அப்பப் பூசு" என்று முகத்தை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக் கொடுத்தான்.